கிணற்று நீரும் நமது பொறுப்பும்

"தோட்டத்துக் கிணற்றில் பசளை கலந்திருக்கிறது என்கிறார்கள். அந்தத் தண்ணீரில் வுழூச் செய்யலாமா?" கற்பிட்டிப் பகுதிச் சகோதரர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. செய்யலாம் என்பதே விடை. ஆனால், கேட்கப்பட வேண்டிய கேள்வி அது ஒன்று மட்டுமல்ல.

முதலில் வுழூவின் சட்டத்தைப் பார்ப்போம். பிக்ஹு நூல்கள் தண்ணீரை நிறம், சுவை, வாடை எனும் மூன்று தன்மைகளைக் கொண்டு அளக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்து, அதாவது ஏறத்தாழ 200 லீற்றர் அளவுள்ள நீரில் நஜீஸ் விழுந்தாலும், இம்மூன்றில் ஒன்று மாறாதவரை அந்நீர் நஜீஸாவதில்லை. யூரியாவோ நஜீஸே அன்று. சுத்தமான பொருள் கலக்கும்போது, 'தண்ணீர்' என்ற பெயரே நீங்கும் அளவுக்கு மாறினால்தான் அது வுழூவுக்கு உதவாது. கிணற்றில் கரைந்துள்ள பசளை அப்படி மாற்றுவதில்லை. ஆகவே வுழூவும் கூடும், தொழுகையும் கூடும். வீண் வஸ்வாஸ் வேண்டாம்.

இனி, கேட்கப்படாத கேள்விக்கு வருவோம். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குழந்தைக்குப் புகட்டலாமா?

கற்பிட்டி ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த மணல் நிலம். நிலத்தடியில் உப்பு நீரின்மேல் நன்னீர் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. வெங்காயமும் மிளகாயும் அந்த நீரில்தான் விளைகின்றன. நாம் இடும் யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. பயிர் உண்டது போக மிஞ்சியது, பாய்ச்சிய நீரோடு மணலில் இறங்கி மீண்டும் நிலத்தடி நீரையே சேர்கிறது. தோட்டங்கள் மிகுந்த இடங்களின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

இதற்கு நிறமில்லை, வாடையில்லை, நாவுக்கும் தெரிவதில்லை. ஆனால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் இது இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து செல்வதைத் தடுக்கக்கூடும். அப்போது உதடும் தோலும் நீலம் பாரிக்கும்; உயிருக்கே ஆபத்தாகலாம். தாய்மார்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். தாய்ப்பாலே இங்கு பெரும் பாதுகாப்பு. தாய்மார் ஈராண்டுகள் பாலூட்டுவதைத் திருமறை (2:233) எடுத்துரைக்கிறது அல்லவா?

எனவே, 'வுழூவுக்கு ஆகும்' என்பது ஒரு சட்டம். 'தீங்கற்றது' என்பது வேறொரு சட்டம். தனக்கோ பிறருக்கோ தீங்கிழைத்தல் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்தளித்த பொதுவிதி. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பதும் அவர்களது போதனையே. கிணறு நம் வேலிக்குள் இருக்கலாம்; அதன் ஊற்றுக்கு வேலி இல்லை. நாம் அள்ளி வீசும் பசளை அண்டை வீட்டுத் தொட்டில் வரை செல்கிறது.

அதற்காகப் பசளையை ஒரே நாளில் கைவிடச் சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விவசாயிகள் பட்ட துன்பத்தை நாடறியும். சிபாரிசு செய்யப்பட்ட அளவை மீறாமல், சிறு சிறு பங்காகப் பிரித்து இடுவோம். மட்கிய எருவைச் சேர்த்து மண்ணின் பிடிமானத்தைக் கூட்டுவோம். எரு என்றாலும் அளவு வேண்டும். அதிலிருந்தும் நைத்திரேற்று பிறக்கும். குடிநீர்க் கிணற்றைச் சுற்றிப் பசளை இடாதிருப்போம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி நீரைப் பரிசோதித்துக் கொள்வோம்.

இன்னொன்று. மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. சூரிய ஒளியில் நீரிறைக்கும் பம்புகளும் வந்துவிட்டன. காற்றும் வெயிலும் அல்லாஹ்வின் அருட்கொடைகள். புகையின்றிப் பயன் தருபவை. ஆனால் எண்ணெய்ச் செலவு இல்லையென்று நாள் முழுதும் இறைத்தால், நன்னீர்ப் படை மெலிந்து, கீழிருந்து உப்பு நீர் மேலேறும். இறைக்கும் செலவு குறைந்தாலும் நீரின் மதிப்புக் குறைவதில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ ஒரு 'முத்து', அதாவது இரு கை நிறைய அள்ளும் அளவு நீரில் வுழூவை முடித்தவர்கள் என்பதை மறவாதிருப்போம்.

வுழூவின் நீரைப் பேணும் நாம், பிள்ளை அருந்தும் நீரையும் பேண அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.