கச்சத்தீவும் பரிக்ரஹ பரிமாணமும்



பொருளுக்கு வரையறை செய்துகொள்ளும் பரிக்ரஹ பரிமாண விரதத்தை வீடு, நிலம், பொன், தானியம் என்ற அளவில் சிறுவர்க்குச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். நாடுகளுக்கும் அது பொருந்துமா என ஆராய்வதே இப்பாடம். கர்நாடகத்தில் தோன்றி வரும் தென்பெண்ணையை அறிந்த மத்தூர்ப் பகுதியினர்க்கு எல்லை கடந்த நீர்வழக்கு புதிதன்று. கடல் வழக்கோ இன்னும் நுட்பமானது.

பாக் நீரிணையிலுள்ள கச்சத்தீவு ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புடையது. அங்கே குடியிருப்போர் இல்லை. இராமநாதபுரம் ஜமீனின் பழைய உரிமை நம் பக்கத்து வாதம்; இலங்கையும் தன் ஆவணங்களைக் காட்டிற்று. 1974 ஜூன் மாத உடன்படிக்கையால் தீவு இலங்கையின் எல்லைக்குள் அமைந்தது. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக்கடலுக்கும் எல்லை வகுத்தபோது, ஒரு நாட்டார் மற்றதன் கடலில் மீன்பிடிப்பதில்லை என்றும் முடிவாயிற்று. தாளில் வழக்குத் தீர்ந்தது, கடலில் தீரவில்லை.

ஏன்? இங்கேதான் அநேகாந்தப் பார்வை வேண்டும். இராமேசுவரத்தார்க்கு அது பாட்டன் காலத்துக் கடல். அவர்கள் சிறைப்பட்டதும், படகிழந்ததும், சுடப்பட்டு இறந்ததும் பொய்யல்ல. எதிர்க்கரையிலிருந்தும் நோக்குவோம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து மீனவர் கடலுக்குச் செல்லவே கட்டுப்பாடு இருந்தது. 2009இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, தமிழகத்து இழுவைப் படகுகள் அடிமடி வலையால் கடற்படுகையையே வாரிச் சென்றன. அவர்களுடைய சிறு வலைகளும் அறுபட்டன. அவர்களும் தமிழரே. இரு கூற்றும் மெய்யே. ஒன்றை மட்டும் முழு உண்மை என்பது ஏகாந்தம்.

மீன்பிடித்தல் நம் தர்மத்துக்கு உடன்பாடன்று. அதனால் அம்மக்களின் துயர் நமக்கு அயலானது என்று சொல்லிவிட முடியாது. அன்றியும், குஞ்சும் முட்டையும் பாசியும் விடாது வாரும் வலையில் ஹிம்சை பன்மடங்காகிறது.

நடுவர் தீர்ப்புக்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. இந்தியாவும் வங்கதேசமும் வழக்கிட்ட வங்கக்கடற் பரப்பு 25,602 சதுர கிலோமீட்டர். 2014 ஜூலையில் நடுவர் மன்றம் அதில் 19,467ஐ வங்கதேசத்துக்கு அளித்தது. பெரிய நாடாகிய இந்தியா அதை ஏற்றது. இதை நான் பெருமையாகவே கருதுகிறேன். எனினும் பாக் நீரிணையில் கோடு முன்னமே உள்ளது, இல்லாதது அளவு.

2014இல் இருநாட்டு மீனவர்களும் சென்னையிலும் கொழும்பிலும் நேரில் பேசினர். இழுவை மடியைக் கைவிட நம்மவர் அவகாசம் கேட்டனர். 2017இல் இலங்கை அதனைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டு இங்கே ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறுவோர்க்கு மானியத் திட்டம் வந்தது. கடன்பட்டு இழுவைப் படகு வாங்கியவர் ஒருநாளில் மாற இயலாது. மறுகரையாரின் கடலோ அதுவரை காத்திருக்க வேண்டியுள்ளது.