யார் யார் பார்க்கிறார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போகும் நேரமும் பிள்ளையைப் பள்ளியில் விடும் நேரமும் ஒன்றாக வருகின்றன, எதை விடுவதென்று தெரியவில்லை என எழுதியிருந்தாய். பெற்றவர்களா பிள்ளைகளா என்று தராசில் நிறுத்தாதே. அது தீராத கணக்கு. இந்த வேலைகளை இப்போது யார் யார் செய்கிறார்கள் என்று முதலில் பார். பராமரிப்பைப் பாசம் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் அது வீட்டில் யாரோ ஒருவர் தலையில்தான் விடியும். வேலை என்று ஒப்புக்கொண்டால்தான் பங்கு பிரிக்க முடியும்.

ஐந்தாறு பிள்ளைகள் இருந்த வீடுகளில் ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இங்கு பத்தில் ஒருவர் அறுபதைத் தொட்டவர். இருக்கிற சில தோள்களிலும் பாதி ஒதுங்கி நிற்கின்றன. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்பவர்களுக்குள்ளேயே பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டிருந்தார்கள். அதனால் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று நீ எழுதும்போது, அந்த 'நாங்கள்' பெரும்பாலும் மருமகளான உன் மனைவிதானோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. மாத்திரை டப்பாவை நிரப்புவது, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது, இரவில் கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப்போவது, வீட்டுப்பாடம், டிபன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எதிரே பெயர் போட்டுப் பார். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென்று 2007இல் வந்த சட்டம் கடமையை மகன் மீதும் மகள் மீதும் சமமாக வைக்கிறது. பிள்ளைகள் என்று அது சொல்லும் பட்டியலில் மருமகள் இல்லை. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

கணக்குப் பார்த்தால் பாசம் போய்விடும் என்பாய். கணக்கே பார்க்காத வீடுகளில்தான் வருடக்கணக்கில் உள்ளே புகைந்து, கடைசியில் பாகப்பிரிவினை அன்று வெடிக்கிறது. தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவளிடம் எப்படிக் கேட்பது என்றும் தோன்றும். பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையை நம் மாநிலம் 1989லேயே கொடுத்துவிட்டது. உரிமையில் பங்குள்ளவளிடம் பொறுப்பில் பங்கு கேட்பதில் தவறில்லை. தூரத்தில் இருப்பவர் பணமும் மருந்துச் செலவும் பார்க்கலாம், வருடத்தில் சில வாரம் வந்து தங்கி உங்களுக்கு ஓய்வு கொடுக்கலாம். வெளி ஆளை வைத்தால் ஊர் பேசும் என்ற பயத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பேசுகிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு வந்து அப்பாவைத் தூக்கிவிடப் போவதில்லை. 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரி.

அப்பா அம்மாவை வைத்துக்கொண்டே இதைப் பேசு. அவர்களைப் பற்றிய முடிவு அவர்கள் காதுக்குக் கடைசியில் போகக் கூடாது. பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வதும் பாடம் கேட்பதும் அவர்களால் ஆகுமென்றால் அந்த வேலைக்கு எதிரே அவர்கள் பெயரையும் எழுது. இந்த ஞாயிற்றுக்கிழமையே தங்கையைப் போனில் கூப்பிட்டு உட்காருங்கள். அதற்கு முன்னால் உன் மனைவியிடம் தனியாகக் கேள், அவளுக்கு எது முடியவில்லை என்று.

அன்புடன்,
பெரியம்மா