இலையில்லாத ஓர்க்கிட்டும் எங்கள் வெறுங்காணியும்



பல வருடம் விட்டுப்போன காணிக்குத் திரும்பி வந்து விதைக்கிறோம். அல்லது புதிதாகக் கிடைத்த வளவில் முதன்முதலாக ஒரு பாத்தி கட்டுகிறோம். தண்ணீர் ஊற்றுகிறோம், பசளையும் போடுகிறோம். ஆனாலும் கன்று முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. "இது செத்த மண்" என்று சொல்லி மண்வெட்டியைச் சாத்திவிடுகிறோம்.

மண் சாகுமா? அப்படியானால் முன்பு அதில் உயிரோடு இருந்தது எது? இதை விளங்கிக்கொள்ள ஒரு காட்டுப் பூவைப் பார்ப்போம்.

1. பச்சை இல்லாத செடி

எங்கள் நாட்டின் தென்மேற்கே, நல்ல மழை பெய்யும் பகுதியில் சிங்கராஜ வனம் இருக்கிறது. அந்தக் காட்டின் நிழலில், சருகுகளுக்கிடையே முளைக்கும் ஒரு சிறிய ஓர்க்கிட்டை 2020ஆம் ஆண்டில்தான் அறிவியலாளர்கள் புதிய இனமென்று அறிவித்தார்கள். அந்த வனத்தை நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர்கள் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரைக் கௌரவித்து அதற்கு 'கஸ்ட்ரோடியா குணதிலகியோரம்' என்று பெயரிட்டார்கள்.

இந்தச் செடிக்கு இலை இல்லை. பச்சை நிறமும் இல்லை. பச்சை இலைதான் வெயிலைக் கொண்டு செடிக்கு உணவு சமைக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அடுப்பே இல்லாத வீட்டில் சோறு எப்படி வந்தது?

2. சோறு வரும் வழி

மழை பெய்து ஓய்ந்ததும் காளான் முளைப்பதைக் கண்டிருக்கிறோம். காளான் ஒரு பூஞ்சணத்தின் காய் போன்றது. உண்மையான பூஞ்சணம் மண்ணுக்குள், தலைமயிரை விட மெல்லிய நூல்களாகப் பரந்து கிடக்கிறது. சில பூஞ்சணங்கள் சருகையும் உக்கும் மரத்தையும் தின்று வாழ்கின்றன. வேறு சில, உயிருள்ள மரங்களின் வேரோடு சேர்ந்து வாழ்கின்றன.

இலையில்லாத ஓர்க்கிட் இந்த நூல்களைத் தன் உடலுக்குள் வரவிட்டு, அவற்றைச் செரித்து உணவாக்கிக்கொள்கிறது. அதற்கு வரும் சோறு முழுவதும் பூஞ்சணத்தின் வழியாகவே வருகிறது.

ஓர்க்கிட் விதை தூசி போன்றது. நெல்லுக்குள் இருப்பது போல அதற்குள் உணவு சேமித்து வைக்கப்படவில்லை. ஆகவே பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் காட்டில் அது வளரும். இதை 1899இல் நோயல் பேர்னார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் கண்டுபிடித்தார். அவர் அதைக் கண்டதும் 'குருவிக்கூடு' என்று பெயர்பெற்ற, பச்சையில்லாத ஓர் ஓர்க்கிட்டில்தான்.

சீன விவசாயிகள் இந்த அறிவைத் தொழிலாக்கியிருக்கிறார்கள். அங்கே கஸ்ட்ரோடியா இனத்தில் ஒன்றின் கிழங்கு மருந்துக்கு விலைபோகிறது. அவர்கள் கிழங்கை மட்டும் நடுவதில்லை. பூஞ்சணம் பிடித்த மரக்கட்டைகளை மண்ணில் புதைத்து, அவற்றின் அருகே கிழங்கை வைக்கிறார்கள். முதலில் பூஞ்சணத்தை வளர்க்கிறார்கள். பூஞ்சணம் கிழங்கை வளர்க்கிறது.

3. பிடுங்கி நட்டால்?

அழகாக இருக்கிறதென்று இந்த ஓர்க்கிட்டை வேரோடு கிண்டி வந்து பூச்சட்டியில் வைத்தால் அது வாழாது. செடி வந்தது, அதற்குச் சோறு கொடுத்த பூஞ்சணமும், அந்தப் பூஞ்சணத்துக்கு உணவு கொடுத்த மரமும் சருகும் அங்கேயே நின்றுவிட்டன. ஊரை விட்டுப் பிரிந்து வாழ்ந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

4. எங்கள் பயிரும் தனியே வாழ்வதில்லை

சோளன், கௌபி, கச்சான், மரவள்ளி, மிளகாய், கத்தரி, தென்னை ஆகிய எல்லாவற்றின் வேரிலும் பூஞ்சணம் வாழ்கிறது. இது ஓர்க்கிட்டின் பூஞ்சணம் அல்ல, வேறு வகை. இங்கே நேர்மையான பண்டமாற்று நடக்கிறது. பயிர் தன் இலையில் செய்த சர்க்கரையைக் கொடுக்கிறது. பூஞ்சணம், வேர் எட்டாத இடத்திலிருந்து பொசுபரசு போன்ற சத்துகளைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து மணல் வளவுகளில் சத்துத் தங்குவது குறைவு. ஆகவே இந்த உதவி அங்கே மிகவும் பெறுமதியானது.

இந்தப் பூஞ்சணத்துக்கு உயிருள்ள வேர் வேண்டும். மேல்மண்ணை இயந்திரத்தால் வழித்தெடுத்த காணியிலும், வெறுமையாக வெயிலில் கிடந்த காணியிலும் அது குறைந்துபோகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் எங்கள் கரையோரத்தில் வீடுகளை மட்டுமல்ல, பல வளவுகளின் மேல்மண்ணையும் கொண்டுபோனது. மண் முற்றாகச் சாகவில்லை. அதன் துணையை இழந்து நிற்கிறது.

தண்ணீர் கட்டிய நெல்வயலில் இந்தப் பூஞ்சணம் குறைவு. ஆகவே இந்தப் பாடம் வளவுக்கும் மேட்டுநிலத்துக்குமே பொருந்தும்.

5. நாம் செய்யக்கூடியவை

அ. மாரி மழை தொடங்கியதும் காணி முழுவதும் சோளனும் கௌபியும் கலந்து விதையுங்கள். விளைச்சல் குறைந்தாலும் வேர்கள் பூஞ்சணத்தைப் பெருக்கும்.

ஆ. நன்றாக விளையும் அயலவர் தோட்டத்தில் கேட்டு, பயிரின் வேரடி மண்ணில் ஒரு வாளி எடுத்து வாருங்கள். கன்று நடும் ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி போடுங்கள். வாடல் நோய் கண்ட தோட்டத்து மண்ணைத் தொடவேண்டாம். காட்டு மண்ணையும் அள்ளவேண்டாம்.

இ. வைக்கோலையும் சருகையும் எரிக்காதீர்கள். மண்ணை மூடிவையுங்கள், அல்லது கூட்டெரு செய்யுங்கள்.

ஈ. தேவைக்கு மேல் ஆழமாகக் கிண்டாதீர்கள். கிண்டும் ஒவ்வொரு முறையும் நூல்கள் அறுகின்றன.

உ. பொசுபரசுப் பசளையை அளவோடு போடுங்கள். மிதமிஞ்சினால் வேர் பூஞ்சணத்தைத் தேடாது. பசளையே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல.

ஊ. காணியில் உப்பு இருந்தால் முதலில் மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடியவிடுங்கள். மற்றவை அதன் பின்னர்தான்.

ஒரு போகத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத உறவு அறுவதற்கு ஒரு நாள் போதும்; அது மீண்டும் கட்டப்படக் காலம் வேண்டும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் காணி எத்தனை வருடம் பயிரில்லாமல் கிடந்தது? அந்தக் காலத்தில் அதில் என்ன முளைத்திருந்தது?

2. உங்கள் ஊரில் நல்ல வேரடி மண் யாருடைய தோட்டத்தில் கிடைக்கும்? அவருக்குப் பதிலாக நீங்கள் என்ன கொடுக்கலாம்?

3. ஒரு பாத்தியில் வேரடி மண் போட்டும், பக்கத்துப் பாத்தியில் போடாமலும் மரவள்ளி நட்டுப் பாருங்கள். கிழங்கை நிறுத்துப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.