மொட்டை டயரும் தார்ப் பாதையும்

வசந்தம் வந்து, விமானங்களின் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கழற்றிச் சக்கரம் மாட்டும் பருவம் தொடங்கிவிட்டால், அலாஸ்காவின் ஆங்கரேஜ் பக்கம் எங்கள் ஹேங்கருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "முப்பத்தொன்று போட்டுவிடலாமா?" 31 அங்குல விட்டமுள்ள அலாஸ்கன் புஷ்வீல் டயரைச் சொல்கிறார்கள். குட்டி விமானத்தின் கீழே குண்டுப் பலூன் போல நிற்குமே, அதுதான். பார்க்க அழகு, படமெடுத்தால் இன்னும் அழகு. ஒரு ஜோடிக்குப் பல ஆயிரம் டாலர் எடுத்து வைக்க வேண்டும்.

நான் விமான மெக்கானிக். சொந்தமாக ஒரு பழைய பைப்பர் சூப்பர் கப்பும் வைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், போன கோடையில் எங்கெங்கே இறங்கினீர்கள் என்று கேட்பேன். கழற்றிப் போட்ட பழைய டயரும் சாட்சி சொல்லும். பக்கவாட்டில் கல் கிழித்த கீறல் இருந்தால் ஆள் உண்மையிலேயே ஆற்று மேடுகளில் இறங்குகிறவர். சுற்றிலும் நன்றாக இருந்து ஓரிடம் மட்டும் சப்பையாகத் தேய்ந்திருந்தால் தார்ப் பாதையில் பிரேக்கைப் பூட்டியவர். இந்த இரண்டாமவர்தான் அதிகம் முப்பத்தொன்று கேட்பார் என்பது என் அனுபவம்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தின் பின்சக்கரங்களில் வருவது 6.00-6. அகலம் 6 அங்குலம், ரிம் 6 அங்குலம். காற்று 29 பிஎஸ்ஐ வாக்கில். தார், நல்ல சரளை, வெட்டிவிட்ட புல்தரை எல்லாவற்றுக்கும் இது போதும். அடுத்த படி 8.50-6, விட்டம் ஏறக்குறைய 22 அங்குலம். சூப்பர் கப், செஸ்னா 180, 206 என்று இந்த ஊரில் உழைக்கிற விமானங்களில் நிறையப் பார்க்கலாம். அதற்கு மேலே 26, 29, 31, 35 அங்குலப் புஷ்வீல்கள்.

புஷ்வீலின் சூட்சுமம் அதன் பருமனில் மட்டும் இல்லை, வால்வில் இருக்கிறது. சாதாரண டயரில் டியூபின் வால்வு ரிம்மின் துளை வழியாக வெளியே வரும். பெரிய பாறைகளை விழுங்கி உருள வேண்டும் என்று காற்றை 8, 10 பிஎஸ்ஐக்கு இறக்கினால், பிரேக் பிடிக்கும்போது ரிம் நிற்கும், டயர் மட்டும் நழுவிச் சுற்றும், டியூபும் கூடவே போகும், வால்வு அடியோடு அறுந்துவிடும். புஷ்வீலில் டியூபை டயரின் உட்புறத்தோடு ஒட்டி, வால்வை டயரின் பக்கச் சுவரிலேயே வைத்துவிட்டார்கள். ரிம்மில் டயர் கொஞ்சம் நழுவினாலும் வால்வுக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் அவ்வளவு குறைந்த காற்றில் அது உயிரோடு இருக்கிறது. சாதாரண 8.50 டயரில் காற்றை இறக்கிவிட்டு "இதுவும் அதுமாதிரிதானே" என்கிறவர்களுக்கு, ரிம்மிலும் டயரிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுக் கொடுப்பேன். அடுத்த முறை வரும்போது கோடு இரண்டாக விலகி நின்றால், வால்வு அறுபடப் போகிறது என்று அர்த்தம்.

புஷ்வீலில் பட்டன் கிடையாது, முழு மொட்டை. சரளைக் கல் இடுக்கில் சிக்கி வால்பக்கம் தெறிக்காமலிருக்க அது நல்லதுதான். ஆனால் ரப்பர் மென்மையானது. தார்ப் பாதையில் தொடும் ஒவ்வொரு முறையும், நின்ற சக்கரம் சட்டென்று விமானத்தின் வேகத்துக்குச் சுழல வேண்டியிருப்பதால், கொஞ்சம் ரப்பர் அங்கேயே தங்கிவிடுகிறது. எங்கள் ஊர் லேக் ஹுட் விமானத்தளத்தில் சரளைப் பாதை இருப்பது இப்படிப்பட்டவர்களுக்கு வரப்பிரசாதம். மற்ற இடங்களில் தாருக்கு ஓரமாகப் புல்லிலோ சரளையிலோ இறங்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பேன்.

தாரில் தேய்மானத்தைவிட என்னைப் பயமுறுத்துவது பிடிமானம். பக்கக் காற்றில் மூக்கைச் சற்றே திருப்பிவைத்தபடி புல்லில் தொட்டால் சக்கரம் வழுக்கி மன்னித்துவிடும். காய்ந்த தாரில் அந்த அகலமான மென்ரப்பர் கவ்விக்கொள்ளும். சூப்பர் கப் போன்ற வால்சக்கர விமானம் அப்படியே சுழன்று இறக்கை தரையைத் தொட்டுவிடும். ஈரத் தாரில் கதை தலைகீழ். டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு 1960களில் நாசா ஆய்வாளர்கள் கண்ட எளிய கணக்கு ஒன்று உண்டு: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். 29 பிஎஸ்ஐக்கு 48 நாட். 9 பிஎஸ்ஐக்கு வெறும் 27 நாட். சூப்பர் கப் 40 நாட் வாக்கில் தொடும் என்று வைத்தால், தேங்கிய தண்ணீரில் புஷ்வீலுக்கு முதல் சில நொடிகள் பிரேக்கே இல்லை. ஆகஸ்ட் மழையில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. இதே இயற்பியலை வைத்துத்தான் சிலர் ஆற்றின் மேல் சக்கரத்தை உரசிக்கொண்டே வந்து மணல்மேட்டில் ஏறுகிறார்கள். வித்தை பிரமாதம், என் விமானத்தில் செய்ய மாட்டேன்.

இனி, பெரிய டயர் தனியாக வராது. 22 அங்குலத்திலிருந்து 31-க்குப் போனால், அதே பிரேக் தரையில் தரும் பிடி கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறைந்துவிடும். ஆரம் கூடியதுதான் காரணம், வேறொன்றுமில்லை. ஆக பிரேக்கும் மாற்ற வேண்டும். முன்பக்கம் உயர்ந்துவிட்டதால் தரையில் நிற்கும்போது மூக்கு இன்னும் மேலே போய், டாக்ஸி செய்யும்போது எதிரே தெரிவது குறையும். புரொப்பெல்லருக்குக் கீழே இடைவெளி கூடுவதும், மூக்கை இன்னும் உயர்த்திய நிலையில் மெதுவாக இறங்க முடிவதும் லாபம். ஆனால் வால்சக்கரம் பழைய குட்டிச் சக்கரமாகவே இருந்தால், முன்சக்கரங்கள் தாண்டிவிட்ட குழியில் அது போய் மாட்டும். நான் பழுது பார்த்தவற்றில் பின்னால் உடைந்தவை முன்னால் உடைந்தவற்றுக்குக் குறைந்தவை அல்ல. வால்சக்கரத்துக்குப் பதில் மூக்குச் சக்கரம் உள்ள 206-க்கு இதே ஆபத்து அந்தச் சக்கரத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மாடலுக்கு அந்த டயர் போட அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவின் ஒப்புதல் இருக்கிறதா என்று காகிதத்தைப் பார்க்காமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

பறக்கும்போது வேகத்தில் மணிக்குச் சில மைல் போகும். ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்துச் சுழலும் சக்கரத்தை நிறுத்தாவிட்டால் விமானமே அதிரும். இவையெல்லாம் பழகிவிடும்.

காற்று விஷயத்தில் மட்டும் பழகிவிட்டது என்று அலட்சியம் கூடாது. 15 டிகிரி ஹேங்கரில் 8 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, செப்டம்பர் கடைசியில் மைனஸ் 5-ல் வேட்டையாடிய மூஸ் மான் கறியோடு கிளம்பினால் டயருக்குள் இருப்பது ஆறரைதான். 30-ல் ஒன்று குறைந்தால் தெரியாது. 8-ல் ஒன்றரை குறைந்தால் ரிம் பாறையில் இடிக்கும். கார் டயர் கேஜ் இந்தச் சின்ன எண்களில் கண்டபடி காட்டும். 15 வரை மட்டும் அளக்கும் கேஜ் ஒன்றை வாங்கி விமானத்திலேயே போட்டு வையுங்கள், கைப்பம்பையும் சேர்த்து.

எனவே முப்பத்தொன்று கேட்பவரிடம் நான் சொல்வது: வருடத்துக்கு இரண்டு முறை போகும் மணல்மேட்டுக்காக வருடம் முழுதும் தாரைத் தேய்க்காதீர்கள், 8.50 போடுங்கள், இல்லையென்றால் 26-ல் நில்லுங்கள். தலையளவு கல் கிடக்கும் இடங்களில்தான் பிழைப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், 31 போட்டுவிட்டு, தாரில் தேய்வதைப் பெட்ரோல் செலவு மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய புஷ்வீல் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிறவர்கள் வெயில் பட்ட பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகளைத் தேடுங்கள். காற்றடைத்து ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் வால்வின் அடியில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். ரிம்மைப் பிரிப்பதற்கு முன் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். விமான ரிம் இரண்டு பாதிகளை போல்ட் போட்டு இணைத்தது. உள்ளே காற்றிருக்க போல்ட்டைத் தளர்த்தினால் பாதி ரிம் முகத்துக்கு வரும். எட்டு பிஎஸ்ஐதானே என்று நினைக்காதீர்கள், அவ்வளவு பரப்பில் எட்டு என்பது ஏராளம்.