நம்ம ஊர் மேளம்: விசேஷ வீட்டுக்குச் சில குறிப்புகள்

பத்திரிகைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறோம், புடவைக்கு ஒரு வாரம் அலைகிறோம். மேளத்தை மட்டும் மண்டபத்துக்காரர் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். பக்கத்துத் தெருவில் நாயனக்காரர் சும்மா இருக்க, வெளியூரிலிருந்து செண்டை மேளம் வந்து இறங்குகிறது. செண்டை மேல் எனக்குக் கோபமில்லை. கேரளக் கோயிலில் கேட்டால் மெய்சிலிர்க்கும். ஆனால் நம்ம ஊர்க்காரர் பிழைப்பு நம்ம விசேஷத்தை நம்பித்தானே இருக்கிறது!

1. முகூர்த்தம் குறித்து மண்டபம் கிடைத்ததும் அடுத்த போன் மேளத்துக்குத்தான். ஆவணியில் ஒரே நாளில் ஊரில் பத்துக் கல்யாணம் இருக்கும். யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் கோயிலுக்குப் போங்கள். அங்கே இப்போது மோட்டார் மணிதான் அடிக்கிறது என்றாலும், முன்பு வாசித்தவரைக் குருக்களுக்குத் தெரிந்திருக்கும்.

2. பேசும்போதே எல்லாவற்றையும் பேசிவிடுங்கள்: எத்தனை நாயனம், எத்தனை தவில், மாப்பிள்ளை அழைப்பு உண்டா, வண்டிச் செலவு யாருடையது. பிறகு அச்சாரம். செலவைக் குறைக்க ஒரு தவிலை வெட்டாதீர்கள். பூ அலங்காரத்தில் ஒரு வளைவைக் குறையுங்கள், யாருக்கும் தெரியாது.

3. மூடிய மண்டபத்தில் நாயனத்துக்கு மைக் வேண்டாம். தேரோடும் வீதிக்கென்றே அமைந்த வாத்தியம் அது. மைக்கை முன்னால் வைத்துவிட்டு, "காது கிழியுது" என்று அவர்களையே குறை சொல்வது நியாயமில்லை. மணவறை கண்ணில் படும் இடமாகப் பார்த்து ஜமுக்காளம் விரியுங்கள்.

4. கெட்டிமேளத்துக்குக் கைகாட்ட ஒரே ஒரு ஆளை நியமியுங்கள். நாலு மாமாக்கள் நாலு பக்கம் கையசைத்தால், தாலி ஏறுவதற்கு முன்பே மேளம் முழங்கிவிடும்.

5. சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் விடியற்காலை நாலரைக்கு வந்த செட்டுக்கு, காப்பி கொடுத்தீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள், பாயசம் தீர்ந்துபோயிருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மோர்ச்சோற்றோடு எழுந்தார். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சம். மூச்சைப் பிடித்து ஊதுகிறவருக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வாசிக்க முடியாது; காலையில் இரண்டு இட்லி, காப்பி, பக்கத்தில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் போதும். தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தியிலேயே உட்கார வையுங்கள். இதற்கென்று வீட்டுப் பையன் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

6. ஊர்வலத்துக்குப் பறை சொல்லியிருந்தால், வாசலுக்குச் சற்றுத் தள்ளி, பந்தலுக்குத் தீப்பொறி எட்டாத இடத்தில், கொஞ்சம் வைக்கோலும் பழைய பேப்பரும் எடுத்து வையுங்கள். தோலை அனலில் காய்ச்சினால்தான் முறுக்கேறும், ஓசை எழும். மழை நாளில் இரண்டு மூன்று தடவைகூடக் காய்ச்ச வேண்டியிருக்கும். சாவுக்கு மட்டுந்தான் பறை என்று இன்னும் முகம் சுளிக்கும் சொந்தக்காரர் இருந்தால், பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்ததைச் சொல்லுங்கள். அதற்கும் மசியாதவரை விட்டுவிடுங்கள்.

7. பத்திரிகையில் 'மங்கள இசை' என்று போட்டுக் கலைஞரின் பெயரையும் ஊரையும் அச்சிடுங்கள். பழைய பத்திரிகைகளில் இருந்த வழக்கம்தான். வீடியோவைப் பகிரும்போதும் பெயர் போடலாம். போன் நம்பரை மட்டும் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

8. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. மேளக்காரர் கை காய்ந்திருக்கும் மாதம். நவராத்திரி கொலுவும் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. ஒரு மாலை ஒரு மணி நேரம் அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கல்யாணச் சந்தடியில் யாரும் கேட்காத ராக ஆலாபனையை அன்றைக்கு உட்கார்ந்து கேட்கலாம். சுண்டலும் வீணாகாது.

9. பாட்டன் காலத்து வீட்டை இடிக்கிறீர்களா? உத்தரம், தூணெல்லாம் ஆச்சா மரமா என்று தச்சரைக் கேளுங்கள். ஆம் என்றால் விறகு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். நாதஸ்வரம் கடைவதற்கு நன்றாக வைரம் பாய்ந்து காய்ந்த பழைய ஆச்சாதான் வேண்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உங்கள் வீட்டுத் தூண் இன்னொரு வீட்டுக் கல்யாணத்தில் பாடும்.

10. பிள்ளைக்குக் கீபோர்டு வகுப்பு தேடும்போது, மாவட்ட அரசு இசைப்பள்ளியையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். நாதஸ்வரமும் தவிலும் அங்கே மூன்றாண்டுப் பயிற்சி. பெண் பிள்ளைகளும் தாராளமாகச் சேரலாம்.

11. கரகம், நையாண்டி மேளம், பறை என்று ஆடிப் பாடிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அரசின் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம் போன்றவற்றுக்கு உதவி உண்டு. விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலே விட்டவர்கள் உண்டு. உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையை அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள்.

12. மீதிப் பணத்துக்கு "நாளைக்கு வீட்டுக்கு வாங்க" வேண்டாம். தவிலுக்கு உறை போடும் முன்பே, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.