வேலையோடு போ, வேலை முடிந்ததும் வந்துவிடு

இளம்பிள்ளை,
சேலம் மாவட்டம்.

அன்பு மருமகள் காவ்யாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. மாமாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. தறி ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் வழக்கு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. உங்கப்பா போன் போட்டு, "அக்கா, அந்தப் போனைப் பிடுங்கி வைத்தால்தான் இவள் உருப்படுவாள், நீயே சொல்லு" என்றான். அவன் வைத்த கொஞ்ச நேரத்தில் உன் வாய்ஸ் மெசேஜ்: "அத்தை, நீங்களே வாட்ஸ்அப்லதான வியாபாரம் பண்றீங்க, அப்பாகிட்ட சொல்லுங்க." ஒரே வழக்கில் இரண்டு தரப்புக்கும் நானே சாட்சி. பதிலை நானும் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பியிருப்பேன். ஆனால் அதை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பாய். அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

முதலில் நீ சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். இந்தப் போன் இல்லாவிட்டால் நம் வீட்டில் அடுப்பெரிவது கஷ்டம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இங்கே ஓடிய சேலையெல்லாம் மொத்த வியாபாரி கைக்குத்தான் போகும். அவர் சொன்னதுதான் விலை. பணம் இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் மீதி, பண்டிகைக்கு அப்புறம் பார்க்கலாம் என்று இழுக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து நெட் காசு அடிமட்டத்துக்கு இறங்கியதும் ஊரே மாறிப்போனது. சேலையைக் கொடியில் போட்டு ஒரு போட்டோ, விலை, கலர், பிளவுஸ் பிட் உண்டா இல்லையா, அவ்வளவுதான். நாகர்கோவிலில் ஒரு நர்ஸ், திண்டுக்கல்லில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியே வேலைக்குப் போக முடியாத ஒரு பெண், இப்படி எத்தனையோ பேர் அந்தப் போட்டோவைத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்து, மேலே ஐம்பதோ நூறோ சேர்த்து விற்கிறார்கள். ரீசெல்லர் என்று பெயர். அவர்களுக்குக் கடை வாடகை இல்லை, முதலும் இல்லை. ஆர்டர் வந்தபிறகு நமக்குப் பணம் போடுவார்கள், நாம் பார்சல் அனுப்புவோம். சிங்கிள் பீஸ் கேட்டாலும் கொடுக்கிறோம். அதில் ஒரு பெண்ணை நான் நேரில் பார்த்ததே இல்லை. போன வருடம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தாள். இதையெல்லாம் பார்த்தபிறகு "போனே கெட்டது" என்று உங்கப்பா சொன்னால் நான் கேட்பேனா?

அதே வியாபாரத்தில் படுகிற பாட்டையும் சொல்ல வேண்டும். வந்தது கிழிந்த சேலை என்று ஒருவர் சண்டைக்கு வருவார். அனுப்பியது நல்ல சேலை என்று நாம் நிற்போம். அதனால் இப்போது "ஓப்பனிங் வீடியோ கட்டாயம்" என்று எழுதி வைத்திருக்கிறோம். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தால்தான் மாற்றித் தருவோம். ஜிபே போட்டதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்பிச் சேலையை வாங்கிப் போனவர்கள் உண்டு. அக்கவுண்டில் காசு ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பார்சலில் டேப் ஒட்டுகிறோம். நம் போட்டோவை எடுத்து வேறு பெயரில் பக்கம் ஆரம்பித்து, பாதி விலை போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போன கூட்டமும் இருந்தது. ஏமாந்தவர்கள் போட்டோவில் சேலை மேல் இருந்த முத்திரையைப் பார்த்து நம் நம்பரைத் தேடிப் பிடித்துத் திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டே அவர்களுக்கு 1930 என்ற சைபர் குற்ற எண்ணைக் கொடுத்தேன். பணம் போனது தெரிந்த உடனே அழைத்தால்தான் அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கும். அந்த எண்ணை நீயும் மனப்பாடம் செய்துகொள்.

இவையெல்லாம் காசோடு போகிற நஷ்டம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். எந்த மொட்டை மாடியில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எந்தத் தெருவுக்குப் படகு போகிறது, எங்கே சாப்பாட்டுப் பொட்டலம் கிடைக்கிறது என்று ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போட்டுப் போட்டே முன்பின் தெரியாதவர்கள் ஆட்களைக் கரை சேர்த்தார்கள். அதே மழையில், அதே போன்களில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துத் தண்ணீரில் வருகின்றன என்றும் ஓடியது. பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள். இரண்டையும் அனுப்பியவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இரண்டுமே உதவிதான்.

2018 மே மாதம் இப்படிப் புரளி பரப்புவது சிரிப்புக்குரிய விஷயமாக இல்லாமல் போனது. வடக்கிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஆடியோவும் வீடியோவும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து ஒரு வயதான அம்மா, சொந்தக்காரர்களோடு காரில் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறார். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், அத்திமூர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்கிறார்கள். அங்கே விளையாடிய பிள்ளைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுக்கிறார். எந்தப் பாட்டியும் செய்கிற காரியம். யாரோ கண்டு சத்தம் போட, கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அந்த ஆடியோவை "எதற்கும் இருக்கட்டும்" என்று பத்துக் குரூப்புக்குத் தள்ளிவிட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களும் அப்பாக்களும், அன்றைக்கும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத சங்கதி. அந்த வருடம் ஜூலையில்தான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் மறுபடியும் ஒன்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று எங்கோ நடந்த பழைய சண்டை வீடியோக்களைப் போட்டார்கள். திருப்பூரில் பயம் பரவி, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தச் சமயம் எங்கள் பக்கத்துத் தறிகளில் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்களும் மூட்டையைக் கட்டலாமா என்று நின்றார்கள்.

இந்த விஷயத்தில் உன்னைவிட உங்கப்பாதான் எனக்குக் கவலை. காலை ஆறு மணிக்கு நம் குடும்ப குரூப்பில் ரோஜாப்பூவோடு வணக்கம், ஆறேகாலுக்குச் சர்க்கரை நோயை ஏழு நாளில் விரட்டும் கஷாயம், ஏழு மணிக்கு ஏதாவது ஒரு பீதி. உன் போனைப் பிடுங்கச் சொல்கிறவன் கையில் இருப்பதும் போன்தான் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். ஆஸ்திரேலியாவிலேயே சோஷியல் மீடியாவுக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்று எனக்குப் பதில் பேசினான். அந்தச் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது உண்மைதான். அது பதினாறு வயது நிரம்பாதவர்களுக்கு. உனக்கு ஓட்டு வந்துவிட்டது. அதையும் சொன்னேன், பேச்சை மாற்றிவிட்டான்.

இனி உன் பங்கு. நீ மணிக்கணக்கில் ரீல்ஸ் தள்ளுவதை உங்கப்பா "அடிமை" என்கிறான். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வியாபாரி என்ற முறையில் அது எப்படி ஓடுகிறது என்று உனக்குச் சொல்ல முடியும். தீபாவளிச் சமயம் சேலைக் கடையில் பாயில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? ஆள் ஒவ்வொன்றாக உதறி விரிப்பார். நீ வாயே திறக்க வேண்டாம். எந்தக் கலரில் உன் கண் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறது என்று பார்ப்பார். பச்சையில் நின்றால் அடுத்து வருவதெல்லாம் பச்சை. உன் போன் செய்வதும் இதைத்தான். வித்தியாசம், கடைக்காரருக்கு ராத்திரி தோள் வலிக்கும், ஷட்டரை இறக்குவார். இதில் அடிமட்டமே இல்லை. விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்த முறையை 2006இல் உருவாக்கிய ஏசா ரஸ்கின் என்பவர், பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசினார்.

இன்னொன்றும் உண்டு. உன் கண் எங்கே நிற்கிறது என்ற அந்தக் கணக்கை விலைக்கு வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் நான் காசு கட்டி விளம்பரம் போடுகிறேன். எந்த ஊர், எந்த வயது, ஆணா பெண்ணா, எதில் விருப்பம் என்று வரிசையாகக் கேட்கும். கோயம்புத்தூர், பதினெட்டிலிருந்து இருபத்தைந்து, பெண், சேலையில் விருப்பம் என்று தட்டினால் போதும். அந்தக் கட்டத்துக்குள் நீ உட்கார்ந்திருக்கிறாய் கண்ணு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் கையில் வைத்திருக்கும் மெட்டாவுக்கு 2023இல் வந்த வருமானம் ஏறக்குறைய 13,490 கோடி டாலர். அதில் மிகப் பெரும்பகுதி என்னைப் போன்றவர்கள் கட்டிய விளம்பரக் காசு. நீ ஒரு பைசா கட்டவில்லை. உன் ராத்திரிகளைக் கொடுத்திருக்கிறாய். நான் வாங்குகிறேன், அவர்கள் விற்கிறார்கள், சரக்கு உன்னுடையது. விலை பேசாமல் சரக்கைக் கொடுக்கிறவளை எங்கள் ஊரில் வியாபாரத்தில் சேர்க்க மாட்டோம்.

வேலையோடு அதற்குள் போகிறவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைத்துப் போடுகிறார்களே, வில்லேஜ் குக்கிங் சேனல், உனக்குப் பிடித்ததுதான். 2021இல் தமிழ் யூடியூப் சேனல்களில் முதன்முதலாக ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது அது. அவர்கள் பக்கம் விறகு, அண்டா, வேலை எல்லாம் இருக்கிறது. சமைத்ததை ஊருக்குப் போட்டுவிட்டு, எடுத்ததை ஏற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் உள்ளே போகிறேன். ஆர்டர் பார்க்க, போட்டோ போட, கேள்விக்குப் பதில் சொல்ல. முடிந்தால் வெளியே வந்துவிடுவேன். கையில் வேலை இல்லாமல் உள்ளே போன நாளில் யாரோ ஒருத்தியின் வீட்டு மாடிப்படியைப் பார்த்துவிட்டு நம் வீட்டுச் சுவரைக் குறை சொல்லத் தோன்றும். இந்த வயதில் எனக்கே அப்படி என்றால், உன் நிறத்தைப் பற்றி எவனோ எழுதிய ஒரு வரிக்காக நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உங்கம்மா சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

அந்த வரியை எழுதியவனுக்கு முகம் இல்லை, ஊர் இல்லை. நம் தெருவில் ஒருத்தன் அதைச் சொல்லியிருந்தால் அவன் அம்மாவிடம் போய் நின்றிருப்பேன். அப்படிப் போய் நிற்க முடியாத இடத்தில் பிளாக் செய்வதுதான் வழி. அதில் வெட்கம் எதுவும் இல்லை. எவனாவது உன் படத்தை எடுத்துத் தப்பாக மாற்றி மிரட்டினால், காசு கொடுக்காதே, அழித்துவிடாதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. முதலில் எனக்குப் போன் போடு, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க நான் உன்னோடு வருவேன். அப்பா கத்துவார் என்று மறைத்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். உங்கப்பாவையும் அதற்குத் தயார் செய்துவிட்டேன். கத்த மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

தீர்ப்புக்கு வருகிறேன். போன் உன்னிடமே இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அது கூடத்தில் சார்ஜில் கிடக்க வேண்டும். உங்கப்பாவின் போனும் பக்கத்திலேயே கிடக்க வேண்டும், அதற்கு அவன் சம்மதித்துவிட்டான். பரீட்சை மாதத்தில் அந்த ரீல்ஸ் ஆப்பை எடுத்துவிடு. முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள், அங்கே ஒன்றும் தீர்ந்துபோயிருக்காது. யார் அனுப்பியது, எப்போது எடுத்தது என்று தெரியாத எதையும் யாருக்கும் தள்ளாதே, உங்கப்பா அனுப்பியதாக இருந்தாலும் சரி.

உன் வீடியோக்களைப் பார்த்தேன். சேலை மடிப்பை நீ படம் பிடிக்கிற அழகு எனக்கு வராது. ஜரிகையில் வெளிச்சம் விழும்போது நிறுத்துகிறாய், அது வியாபாரிக்கு வேண்டிய கண். புரட்டாசியில் இங்கே ஆர்டர் குவியும், பார்சல் கட்டவே ஆள் போதாது. உன் விடுமுறைக்கு இங்கே வந்து நம் சேலைகளுக்கு வீடியோ எடுத்துக் கொடு. வீடியோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளலாம், சொந்தம் என்று குறைக்க மாட்டேன். எந்தத் தேதிக்கு வருகிறாய் என்று சொல். உங்கப்பாவையே கொண்டுவந்து விடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை