கல்லீரலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலைகள்

கல்லீரலில் ஏற்படும் பாதிப்பு பல ஆண்டுகள் வெளியே தெரிவதில்லை. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள், மது, நீரிழிவோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் ஆகியவை அதைத் தொடர்ந்து புண்படுத்துகின்றன. புண் ஆறும் இடங்களில் நார்த்தழும்பு படிகிறது. அது முற்றிய நிலையே சிரோசிஸ். முன்னதாகவே கண்டறிந்து காரணத்தை நீக்கினால் தழும்பு குறையவும் கூடும்.

தழும்பின் அளவை அறிய, ஊசியால் கல்லீரலில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது பழைய முறை. அந்தத் துணுக்கு முழுக் கல்லீரலில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்குதான். வலியும் உண்டு, சிலருக்கு இரத்தக்கசிவும் ஏற்படலாம். சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்திலோ தொடக்கநிலைத் தழும்பு தெரிவதில்லை.

தழும்பு கூடக் கூடக் கல்லீரல் கெட்டியாகும். கெட்டியான திசுவில் குறுக்கலை வேகமாகச் செல்லும். பிரான்சில் உருவான ஃபைப்ரோஸ்கேன் கருவி இதைத்தான் பயன்படுத்துகிறது. விலா எலும்புகளுக்கு இடையே, தோலின்மேல் வைத்த கருவிமுனை 50 ஹெர்ட்ஸ் அதிர்வில் மெல்லத் தட்டும். அந்த அலை கல்லீரலுக்குள் வினாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில்தான் நகரும். மீயொலியின் வேகமோ வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். எனவே மீயொலி பலமுறை சென்று திரும்பி, மெதுவான அலை நகரும் தூரத்தைப் பதிவு செய்கிறது.

படிவம் 4 இயற்பியல் மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்:

கெட்டித்தன்மை = 3 × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம்

அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1,000 கிலோகிராம் எனக் கொள்வோம். வேகம் 1.3 மீட்டர் என்றால் விடை சுமார் 5.1 கிலோபாஸ்கல், 2.3 மீட்டர் என்றால் 15.9. வேகம் இருமடங்கு கூட ஆகவில்லை, கெட்டித்தன்மை மும்மடங்காகிவிட்டது. பொதுவாக 10-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 15-ஐத் தாண்டினால் வாய்ப்பு மிக அதிகம்.

எம்.ஆர்.ஐ. கருவியாலும் இவ்வலைகளைப் படமெடுக்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1995-இல் ‘சயன்ஸ்’ இதழில் இம்முறையை வெளியிட்டது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ராஜா முத்துப்பிள்ளை. இம்முறை கல்லீரலின் பெரும்பகுதியைக் காட்டும்; செலவுதான் அதிகம்.

எனினும், எண்ணை மட்டும் பார்த்து அஞ்சக்கூடாது. சாப்பிட்டவுடன் அளந்தாலும், கல்லீரலில் அழற்சி இருந்தாலும் அளவு உயர்ந்து காட்டும். அதனால் குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருந்து அளக்க வேண்டும். பத்து அளவீடுகளின் நடுமதிப்பையே மருத்துவர் எடுத்துக்கொள்வார்.

நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், ஃபைப்ரோஸ்கேன் அளவீடுகளை ஊசிச் சோதனை முடிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகள் நடந்துள்ளன. வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கல்லீரலைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.